பிறக்கும்போதே சுதந்திரமானவரா என்று கேட்டார்கள்

கதவு சாத்தியிருந்தது. அதைக் காதால்தான் தெரிந்துகொண்டேன். என் கண்ணைக் கறுப்புத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கால்சட்டையின் ஒரு காலை முழங்காலுக்கு மேலே சுருட்டி விட்டிருந்தார்கள். ஒரு காலில் என்னுடைய சப்பாத்து, மறு காலில் யாருடையதோ தேய்ந்துபோன செருப்பு. கழுத்தில் ஒரு கயிறு. அதன் நுனி முதுகுப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

அறுபதைத் தாண்டியவன் நான். பேரப்பிள்ளை கண்டவன். கண்டி டவுனில் பாதிப் பேருக்குக் கண்ணாடி போட்டுவிட்டவன். என் கண்ணைக் கட்டி ஒரு கதவுக்கு முன்னால் நிறுத்தி வைத்திருந்தார்கள். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

பக்கத்தில் நின்றவர் கதவைத் தட்டினார். உள்ளேயிருந்தும் யாரோ தட்டினார்கள். கதவு திறந்ததும் பூச்சி உருண்டை வாசம் வந்தது. பெட்டியில் கிடந்து அன்றைக்கு மட்டும் வெளியே வந்த கறுப்புக் கோட்டுகளின் வாசம். அதோடு மெழுகுதிரி வாசம். மேலே ஒரு மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

லொட்ஜ் விஷயத்தை வெளியே பேசலாமா, சத்தியம் செய்துதானே சேருகிறார்கள் என்று சிலர் கேட்பார்கள். பயப்படாதீர்கள். சத்தியம் செய்யும் இடம்வரை நான் போகவே இல்லை. அதனால் எனக்கு வாய்ப்பூட்டு கிடையாது. ஏன் போகவில்லை என்பதைத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து கோணல்மாணலாக விழுகிறது. வயசுதான் காரணம் என்கிறாள் என் மனைவி புஷ்பம். கோபம் என்கிறேன் நான்.

ஊர் கேட்காத கதிரை

லொட்ஜ் என்றதும் அறை எடுத்துத் தங்கும் இடத்தை நினைத்துவிட வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கிய சகோதரர் சங்கம் இது. ஆண்கள் மட்டும். மாதத்தில் ஒரு மாலை கூடுவார்கள். ஒருவரை ஒருவர் 'சகோதரர்' என்றுதான் அழைப்பார்கள். கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ சடங்கு செய்வார்கள், பிறகு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சின்ன வயசிலிருந்து அந்தக் கட்டடத்தைப் பார்த்திருக்கிறேன். ஜன்னல் திறந்து ஒரு நாளும் பார்த்ததில்லை.

என்னை அங்கே சேர்க்க ஆசைப்பட்டவர் அருளானந்தம் சேர். யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்கத்தில் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்று, குண்டசாலையில் வீடு கட்டிக் குடியிருக்கிறார். என் கடையின் நெடுநாள் வாடிக்கையாளர். மூக்குக் கண்ணாடி கொஞ்சம் சரிந்தாலும் பஸ் ஏறி வந்துவிடுவார். கலகெதரப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் போய், பிள்ளைகளின் கண்ணைப் பார்த்து இலவசமாகக் கண்ணாடி கொடுக்கும் வேலையை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் தொடங்கினோம். பெற்றோல் வரிசையெல்லாம் முடிந்து ஊர் கொஞ்சம் மூச்சு விட்ட காலம் அது.

அப்படி ஒரு நாள் திரும்பி வரும் வழியில், தேத்தண்ணிக் கடையில் வைத்துச் சொன்னார்.

"நீர் எங்கட லொட்ஜுக்கு வரவேணும், கருப்பையா. அங்க பெரியவன் சின்னவன் எண்டு ஒண்டும் இல்லை. நீதவானும் கிளாக்கரும் ஒரே வரிசையிலதான் இருப்பினம். சாதி, சமயம், ஊர் ஒண்டும் கேக்கமாட்டினம்."

அந்த 'ஊர்' என்ற சொல்தான் என்னை விழுத்தியது.

கண்டியில் தமிழன் ஒருவனைப் பார்த்தால் சிங்களவர் கேட்பது, "எந்தத் தோட்டம்?" யாழ்ப்பாணத்துக்காரர் கேட்பது, "சொந்த இடம் எது?" இரண்டுக்கும் என் பதில் ஒன்றுதான், மஹய்யாவ. அதைச் சொன்னவுடன் எதிரே இருப்பவரின் முகத்தில் ஒரு கணக்கு ஓடும். மஹய்யாவ என்றால் நகரசபைத் துப்புரவு வேலைக்காரர்களின் பிள்ளைகள். ஆமாம், நானும் அப்படித்தான். என் அப்பா இந்த டவுனின் தெருக்களைக் கூட்டியவர், சாக்கடைக் கான்களைத் தோண்டித் துப்புரவு செய்தவர். அதை நான் மறைத்ததில்லை. ஆனால் அந்த முகக்கணக்கைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. ஊர் கேட்காத ஒரு கதிரையில் ஒரு தடவையாவது உட்கார வேண்டும் என்று இருந்தது. ஆசையென்றால் அப்படியொரு ஆசை.

பெண் பார்க்க வந்தவர்கள்

சேருவதற்கு முன் வீட்டுக்கு வந்து பார்ப்பது அவர்களுடைய வழக்கம். ஆள் எப்படி, குடும்பம் எப்படி, மனைவிக்குச் சம்மதமா என்று விசாரிப்பார்கள். வருவதற்கு முதல்நாள் அருளானந்தம் சேர் போன் எடுத்தார்.

"நாங்கள் கடைக்கே வாறம், என்ன? மஹய்யாவவுக்குள்ள கார் திருப்பேலாது."

கார் திருப்ப முடியாது என்பது உண்மைதான். அது மட்டும்தான் காரணம் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

"வீட்டைப் பாக்கத்தானே சேர் வாறீங்க. வீட்டுக்கே வாங்க" என்றேன்.

புஷ்பம் உழுந்து வடை சுட்டாள். அலுமாரியிலிருந்து நல்ல கோப்பைகளை எடுத்துக் கழுவினாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னாங்க, உங்களப் பொண்ணு பாக்க வாறாங்களா? முன்னாடியே சொல்லியிருந்தா பூ வாங்கி வச்சிருப்பேனே."

இரண்டு பேர் வந்தார்கள். அருளானந்தம் சேரும், கோர்ட்டுக்குப் போகும் லோயர் நிஸாமும். நிஸாம் கண்டியிலேயே பிறந்து வளர்ந்தவர், டவுனில் புடைவைக் கடை வைத்திருந்த குடும்பம். என்னைவிட இளையவர், மரியாதை தெரிந்தவர். படியேறி வந்ததில் இருவருக்கும் மூச்சு வாங்கியது. நிஸாம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு புஷ்பத்தைக் கூப்பிட்டார்.

"அக்கா, எங்கட வழக்கம் ஒண்டு ஈக்கி. மொதலாளி எங்களோட சேர்றதுக்கு ஒங்களுக்கு ஏதும் மறுப்பு ஈக்கா? செல்லுங்க."

"உள்ள என்னா செய்வீங்க?" என்றாள் புஷ்பம்.

"அத செல்ல ஏலா, அக்கா."

"என்னா செய்வீங்கன்னே தெரியாம, மறுப்பு இருக்கா இல்லையான்னு நான் எப்படிங்க சொல்றது?"

அருளானந்தம் சேர் வாய்விட்டுச் சிரித்தார். "தங்கச்சி கெட்டிக்காரி" என்று சொல்லி இன்னொரு வடையை எடுத்தார். மறுப்பு இல்லை என்று அவர்களாகவே எடுத்துக்கொண்டு எழுந்தார்கள்.

அவர்கள் படியிறங்கிப் போகும்போது புஷ்பம் வாசலில் நின்று, "நான் இன்னும் பதிலே சொல்லலையே" என்றாள். அவர்களுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. பெண்களைக் கேட்பதும் பதிலுக்கு நிற்காமல் போவதும் நம்மவர்களுக்குப் புதிதா என்ன, என்று அப்போதே எனக்கு ஒரு எரிச்சல். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ஆசை அப்படி.

அடுத்தது வாக்கெடுப்பு. ஒரு பெட்டிக்குள் ஒவ்வொருவரும் கையை விட்டு உருண்டை போடுவார்களாம். வெள்ளை என்றால் சம்மதம். ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் ஆள் வெளியே. யார் போட்டார், ஏன் போட்டார் என்று யாரும் கேட்கக்கூடாது.

"எல்லாம் வெள்ளை, கருப்பையா! எல்லாம் வெள்ளை!" என்று போனில் கத்தினார் அருளானந்தம் சேர்.

அன்றைக்குக் கடையை வேளைக்கே சாத்திவிட்டு, வட்டிலாப்பம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பரீட்சை பாஸ் பண்ணிய பையன் மாதிரி.

கச்சேரி வாசல்

சடங்குக்கு முன், பக்கத்து அறையில் வைத்து உடம்பில் இருக்கிற உலோகத்தையெல்லாம் கழற்றச் சொன்னார்கள். கைக்கடிகாரம், மோதிரம், சில்லறைக் காசு, பெல்ட். ஏழையாக உள்ளே வரவேண்டுமாம், அதற்கு அடையாளமாம். ஏழையாக வருவதற்கு எனக்கு யாரும் பழக்கத் தேவையில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்தேன். பிறகுதான் துணி, கயிறு எல்லாம்.

உள்ளே நடப்பது முழுவதும் ஆங்கிலத்தில். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன். அத்தனையும் மனப்பாடம். யார் எங்கே நிற்பது, யார் எதைச் சொல்வது என்று எல்லாம் எப்போதோ தீர்மானித்து வைத்தது. புதிதாக வருபவன் சொல்லவேண்டிய பதிலும் அப்படித்தான். அவனுக்குக் கேள்வி முன்கூட்டித் தெரியாது. பக்கத்தில் நிற்பவர் காதில் பதிலைச் சொல்வார், அவன் திருப்பிச் சொல்லவேண்டும். எனக்குப் பக்கத்தில் நின்றவர் நிஸாம்.

தலைவரின் குரல் தூரத்திலிருந்து வந்தது. கடவுளை நம்புகிறீரா? நிஸாம் காதில் சொன்னார், நான் சொன்னேன். சொந்த விருப்பத்தில் வந்தீரா? நிஸாம் சொன்னார், நான் சொன்னேன். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

"நீர் பிறக்கும்போதே சுதந்திரமானவரா?"

நிஸாம் காதில் "ஆம்" என்றார்.

அந்த இருட்டில் எனக்கு அப்பா தெரிந்தார். கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தின் வாசலில், வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி நின்ற அப்பா.

இளம் வாசகர்களுக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். இந்த நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த கையோடு, இந்திய வம்சாவளித் தமிழரான எங்கள் ஆட்களிடமிருந்து பிரஜாவுரிமையைப் பிடுங்கினார்கள். அப்பா இந்த டவுனில் பிறந்தவர். நானும் இந்த டவுன் ஆஸ்பத்திரியில்தான் பிறந்தேன். ஆனால் நான் பிறந்தபோது எங்களுக்கு நாடு கிடையாது. இலங்கை எங்களை இந்தியன் என்றது, இந்தியாவுக்கு எங்களைத் தெரியவே தெரியாது. பிறகு இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து, உனக்கு இத்தனை பேர் எனக்கு இத்தனை பேர் என்று எங்களைப் பிரித்துக்கொண்டன. அப்பாவின் தம்பி இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்தார். கண்டி ஸ்டேஷனில் அவரை ஏற்றிவிடப் போனபோது கோச்சி முழுக்க அழுகைதான். அந்தச் சத்தத்தை இன்றைக்கும் என்னால் தாங்க முடியாது. சித்தப்பாவை அதற்குப் பிறகு நாங்கள் பார்க்கவில்லை.

அப்பா போகமாட்டேன் என்றார். பெரஹரா ஊர்வலம் முடிந்த காலைகளில் யானை லத்தியைக் கூட்டி அள்ளித் தெருவைப் பளிச்சென்று ஆக்கியவர், இது என் ஊர் என்றார். அதற்காகக் கச்சேரிக்கு நடையாய் நடந்தார். ஒவ்வொரு தடவையும் நாளைக்கு வரச் சொல்லி அனுப்புவார்கள். "ஹெட்ட எண்ட." அந்த நாளை வருவதற்குள் எனக்கு மீசை முளைத்து, சவரமும் செய்யத் தொடங்கிவிட்டேன். அரசாங்க வேலை எதற்கும் விண்ணப்பிக்க முடியாமல்தான் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் துடைக்கப் போனேன். அந்தத் தொழில்தான் இன்றைக்கும் எனக்குச் சோறு போடுகிறது.

அப்படிப்பட்டவனைப் பார்த்து, பிறக்கும்போதே சுதந்திரமானவரா என்று கேட்டால்?

ஒரே ஒரு பதில்

"நோ" என்றேன்.

மின்விசிறி கிறீச்சிட்டது. நிஸாம் என் காதுக்குக் கிட்ட வந்து, "மொதலாளி, யெஸ் எண்டு செல்லுங்க, யெஸ்" என்றார். எனக்குக் காது கேட்கவில்லை என்று தலைவர் நினைத்துவிட்டார் போலும். அதே கேள்வியை இன்னும் உரத்துக் கேட்டார்.

"நோ" என்றேன் மறுபடியும்.

கோபம் வந்தால் எனக்குத் தமிழ்தான் வரும். எத்தனை பேருக்கு விளங்கும் என்றெல்லாம் யோசிக்கவில்லை.

"நான் இந்த டவுன்லதாங்க பொறந்தேன். இந்தக் கட்டடத்துக்கு முன்னால ஓடுற கான எங்கப்பாதான் துப்புரவு செஞ்சாரு. நான் பொறந்தப்ப என்னைய தன்னோட ஆளுன்னு சொல்ல ஒரு நாடும் இல்ல. எனக்கு சுதந்திரம் பொறகுதான் வந்துச்சு. இல்லாதத இருந்துச்சுன்னு சாமி பேர்ல எப்படிங்க சொல்றது? நான் ஒளிக்கல. அடுத்த கேள்விய கேளுங்க."

கவனியுங்கள், நான் திரும்பிப் போகிறேன் என்று சொல்லவில்லை. அடுத்த கேள்வியைக் கேளுங்கள் என்றேன். உள்ளே போக எனக்கு அவ்வளவு ஆசை இருந்தது.

யாரும் கேட்கவில்லை. கேட்க அவர்களிடம் எதுவும் இல்லை. 'ஆம்' என்ற பதிலுக்குப் பிறகு என்ன சொல்வது என்று அத்தனை பேருக்கும் மனப்பாடம். 'இல்லை'க்குப் பிறகு என்ன சொல்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நெடுங்காலமாக இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள், பதில் வரும் என்று யாரும் எதிர்பார்த்ததே இல்லை. என்னைத் தோளில் பிடித்துத் திருப்பி வெளியே கொண்டுபோனார்கள்.

துணியை அவிழ்த்ததும் முதலில் தெரிந்தது அருளானந்தம் சேரின் முகம். வெளிறிப் போயிருந்தது.

"என்ன வேலை செய்தனீர்? உது சும்மா ஒரு வழமை. ஆரும் உதைப் பெரிசா எடுக்கிறேல்லை."

"சும்மா கேக்கிறதுக்கா சேர் என் கண்ணக் கட்டுனீங்க?"

"அது அந்தக் காலத்தில அடிமையளைச் சேர்க்கக்கூடாது எண்டு வைச்ச கேள்வி. உமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

இதைக் கேட்டதும்தான் எனக்கு உச்சிக்கு ஏறியது. அவர் என்னைச் சமாதானப்படுத்தவே சொன்னார், தெரியும். ஆனால் சொன்னது என்ன என்று பாருங்கள்.

"அப்ப அடிமையா பொறந்தவன் வந்து நின்னா, வெளியவே நிக்கச் சொல்லுவீங்க? அவனை அடிமையாக்கினவன் வந்தா கதவத் தொறப்பீங்க? அடிமையானவன் பொறந்ததத் தவிர என்னா சேர் தப்பு செஞ்சான்?"

நிஸாம் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார். அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"பழைய சடங்கு, மொதலாளி. பதில் ஒண்டுதான் ஈக்கி. அத செல்லாம மேல போக ஏலா எண்டு செல்றாங்க."

கழுத்துக் கயிற்றை நானே கழற்றி நிஸாமின் கையில் கொடுத்தேன். கால்சட்டையை இறக்கி விட்டேன். கடிகாரத்தையும் மோதிரத்தையும் எடுத்துக்கொண்டு, சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். ரோட்டில் குண்டசாலை பஸ்காரன் கத்தி ஆள் ஏற்றிக்கொண்டிருந்தான். கொஞ்ச தூரம் வீறாப்பாக நடந்த பிறகுதான் கால்சட்டை நழுவுவது தெரிந்தது. பெல்ட்டை அங்கேயே விட்டுவிட்டேன். திரும்பிப் போகவா முடியும்? ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே மஹய்யாவ வரை நடந்தேன். கோபப்படும் மனிதனுக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை.

புஷ்பத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சோற்றைப் போட்டு முன்னால் வைத்தாள்.

பெல்ட்

சில நாள் கழித்து, கடைக்குப் புறப்படும் நேரத்தில் அருளானந்தம் சேர் படியேறி வந்தார். இந்தத் தடவை கார் திருப்புவது பற்றி எதுவும் சொல்லவில்லை. பெல்ட்டைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"தலைவரோட நல்லாக் கதைச்சிட்டன், கருப்பையா. சண்டையே பிடிச்சிட்டன். வாற மாதம் வாரும். அந்தக் கேள்வி வரேக்க நீர் வாய் திறக்கவே தேவையில்லை. நிஸாம் உமக்காகச் சொல்லிவிடுவார். நீர் பேசாமல் நிண்டால் காணும்."

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்காக உண்மையிலேயே சண்டை போட்டிருக்கிறார். நல்ல மனிதர். இப்போதும் அதையே சொல்வேன். அதனால்தான் எனக்கு இன்னும் வலித்தது.

பேசாமல் நின்றால் போதும்! எங்கள் அப்பன் பாட்டன் எல்லோரும் அப்படி நின்றவர்கள்தான். யார் போவது, யார் இருப்பது என்று எங்களுக்காக மற்றவர்கள் பேசி முடித்தார்கள். எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது ஒருவர் என்னிடமே கேட்கிறார், நானும் பதில் சொல்லிவிட்டேன், அந்தப் பதில் வேண்டாமாம். வேறு ஒருவர் என் வாயால் பேசுவாராம். நான் பக்கத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டுமாம்.

குசினிக்குள்ளிருந்து புஷ்பம் வந்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவருக்கு முன்னால் நின்றாள்.

"ஐயா, அன்னைக்கு வந்தப்ப என்கிட்ட ஒரு கேள்வி கேட்டீங்க. மறுப்பு இருக்கான்னு."

"ஓம், தங்கச்சி."

"இருக்குங்க."

அருளானந்தம் சேர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கையில் இருந்த தண்ணீர்ச் செம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறினார். நான் அதை வாங்கி வைத்துவிட்டு, தாளைப் பிரித்துப் பெல்ட்டை எடுத்து இடுப்பில் மாட்டிக்கொண்டேன்.

"அப்ப அவையளுக்கு நான் என்னத்தைச் சொல்ல, கருப்பையா?" என்றார் மெதுவாக.

"அவுங்க கேட்டதுக்கு நான் பதில் சொல்லிட்டேன் சேர். அத ஏத்துக்கிட்டு அடுத்த கேள்விய கேக்கச் சொல்லுங்க. அன்னைக்கு வாறேன். இவளையும் கேட்டுக்கிட்டு வாறேன்."

இரண்டு பேரும் ஒன்றாகத்தான் படியிறங்கினோம். அவருக்கு முழங்கால் வலி, நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகும் கண்ணாடி சரிந்தால் என் கடைக்குத்தான் வருகிறார். லொட்ஜைப் பற்றி நான் கேட்பதில்லை, அவரும் பேசுவதில்லை.

அடுத்த கேள்வியை இன்றுவரை யாரும் கேட்கவில்லை.